வெண்டல் கழற்றிய ஸ்பிரிங்

"டக்."

கராஜிலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்கு மார்வா தலை நிமிரவில்லை. காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் வேலையை அவள் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். லீவரை இழுத்தால், எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து விடும் கார்பரேட்டரின் தொண்டைக்குள் இருக்கும் வட்டத் தகடு திறக்கும். அப்போது சத்தம் வராது. லீவரை விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தகடு மூடிக்கொள்ளும். டக். அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளுக்கு அர்த்தம்.

வெண்டல் தடித்த கையுறையோடு உள்ளே வந்து ஓவனைத் திறந்தார். தட்டில் இருந்தது ரொட்டி அல்ல. ஒரு கார்பரேட்டரின் இரும்பு அடிப்பாகம்.

"சுடும், தள்ளிக்கோ."

"என் ஓவன்ல வெச்சுட்டு என்னையே தள்ளச் சொல்றியா?"

அவர் சிரித்துக்கொண்டே தட்டோடு கராஜுக்குப் போனார். மார்வா கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தாள். லீவர் கிரீச்சிடுவது லேசாகக் கேட்டது. அடுத்து வரவேண்டிய சத்தத்துக்காக அவள் காது தானாகவே காத்திருந்தது.

வரவில்லை.

குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வெண்டல்?"

ஈரக் கையோடு கராஜுக்கு ஓடினாள். அவர் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். லீவரை எப்போதோ விட்டுவிட்டார். கை மட்டும் காற்றில் அப்படியே நின்றது. தகடு வாயைப் பிளந்தபடி திறந்தே இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மூடல, மார்வா."

"எண்ணெய் விடேன்."

"எண்ணெய் இல்ல விஷயம். குளிர்ல நல்லா மூடுச்சு. நீயும் கேட்டிருப்ப. சூடு ஏறினதும் பிடிச்சுக்கிச்சு." அவர் கையுறையைக் கழற்றினார். "லெனோர் வண்டிக்கும் இதே வளையம்தான் போட்டேன். இதே அளவுக்குத்தான் குடைஞ்சேன். அவ இப்ப ரோட்டுல இருப்பா."

வெண்டல் ஹலாஸ் பயந்த சுபாவமுள்ள மனுஷர். எங்கள் வயாண்டாட் ஊரில் இதை யாரும் முதுகுக்குப் பின்னால் பேசுவதில்லை. முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார்கள். ஆற்றின் நடுவே இருக்கும் தீவுக்குப் பாலத்தில் போகும்போது ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் போவார், கார் தண்ணீரில் விழுந்தால் நீந்தி வெளியே வருவதற்கு. ஜனவரிப் பனியிலும் அப்படித்தான். உருக்காலையில் வேலை பார்த்த காலத்தில் உலை திறக்கும்போது தூணுக்குப் பின்னால் நிற்பார். மார்வாவை முதன்முதலாகப் படத்துக்கு அழைத்துப்போன அன்று பச்சை விளக்கிலும் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். பின்னால் ஹாரன்கள் அலறின. "இவனைக் கட்டிக்கிட்டா கிழவியாகிறவரைக்கும் உசிரோட இருப்பேன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு" என்று மார்வா எங்களிடம் சொல்வாள்.

அப்படிப்பட்ட மனுஷரைத் தேடித்தான் பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் வேகப் பைத்தியங்கள் வந்தார்கள். அறுபதுகளில் டெட்ராய்ட் தெருக்களை அதிரவைத்த வண்டிகளை இன்னும் பிள்ளைபோல் வைத்திருப்பவர்கள். ஒரே எஞ்சினுக்கு மூன்று கார்பரேட்டர்கள். சாதாரணமாகப் போகும்போது நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும். பெடலைப் பாதிக்கு மேல் மிதித்தால்தான் முன்னாலும் பின்னாலும் இருப்பவை கண்விழிக்கும். அவை விழித்தால் வண்டி ஓடாது, பாயும். அந்த மூன்றையும் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, கார் ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்கித் தருவதுதான் வெண்டலின் வேலை. ஸ்குரூவின் தலை, தங்க மஞ்சள் பூச்சின் நிறம், அந்தக் காலத்துப் பரிசோதகர் தொட்டுவைத்த பெயிண்ட் பொட்டு, எல்லாம் அப்படியே. கண்காட்சிகளில் நடுவர்கள் டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்துத் தேடுவார்கள். ஆலை போடாத ஒரு வாஷர் இருந்தாலும் மதிப்பெண் போய்விடும்.

ஆனால் ஒரு வண்டியைக்கூட அவர் தெருவில் ஓட்டியதில்லை. கராஜ் கதவைத் திறந்துவைத்து, எஞ்சினை மெதுவாக உறுமவிட்டு, ஒரு கையைச் சாவிமேலேயே வைத்திருப்பார். புதன்கிழமை சாயங்காலம் ரூட் பீர் குளிர்பானக் கடை வாசலில் வண்டிகள் கூடும்போது, "வெண்டல் குதிரைக்கு லாடம் அடிப்பான், ஏறச் சொன்னா அழுவான்" என்று கிண்டல் செய்வார்கள். "அழுதாலும் வீட்டுக்குத்தானேப்பா போறேன்" என்பார் அவர்.

அந்தப் பயத்தால்தான் அவர் வேலை நம்பகமாக இருந்தது. அடிப்பாகத்தில் தகட்டுத் தண்டு சுழலும் துளைகள் ஐம்பது வருஷத்தில் தேய்ந்திருக்கும். அதில் வெண்கல வளையம் செருகி இறுக்கமாகக் குடைந்துவிடுவார். குளிரில் சரியாக இருப்பது எஞ்சின் சூட்டில் பிடித்துக்கொண்டால், காலை எடுத்தாலும் தகடு மூடாது, வண்டி பாய்ந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் மார்வாவின் ஓவனில் வைத்துச் சுடவைத்துப் பார்ப்பார். வண்டியைக் கொடுக்கும்போது சொந்தக்காரரைச் சீட்டில் உட்காரவைத்துப் பாடம் வேறு நடத்துவார். "பெடல் திரும்பி வரலைன்னா என்ன பண்ணுவ?" "சாவியைத் திருப்புவேன்." "கையால செஞ்சு காட்டு." இப்படிப் பத்துத் தடவை.

லெனோர் டிபெட்ஸ் தன் சிவப்பு பாண்டியாக் காரை வாங்க நேற்று வந்தபோதும் பாடம் நடந்தது. அவளுடைய அக்கா ஆர்டித் பக்கத்துச் சீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், கண் பார்வை போய் வெகு காலமாயிற்று. லெனோர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆர்டித் பதில் சொல்லிவிட்டார்.

"சாவி, சாவி, சாவி. பாதிரியார்கூட ஒரே விஷயத்தை இத்தனை தடவை சொல்லமாட்டாரு வெண்டல்."

வண்டி அவர்களுடைய தம்பி டெல்பர்ட்டுடையது. போன குளிர்காலத்தில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. சாகும்வரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அந்த வண்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாராம். தம்பி பேரில் ஒரு முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்று லெனோருக்கு வெறி.

"நாளைக்கு மன்ரோ கண்காட்சிக்கு இவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். "நியூபோர்ட் தாண்டினா நேர் ரோடு வருமில்ல, அங்க ஒரே ஒரு தடவை மூணையும் திறந்துவிடணும். அவளுக்குக் கண்ணுதான் போச்சு, காது இருக்கே. டெல்பர்ட் ஓட்டறாப்ல இருக்கும் அவளுக்கு."

இப்போது கராஜில் நின்ற வெண்டலின் கண் சுவரில் இருந்த ஆணிக்குப் போனது. அதில் ஒரு ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருந்தது. டெல்பர்ட் தன் கையால் மாட்டியிருந்த இரண்டாவது ஸ்பிரிங். ஆலை கொடுத்தது ஒன்றுதான். "இது இருந்தா மார்க் போயிடுமா?" என்று லெனோர் கேட்டாள். "போகும்" என்றார் வெண்டல். போன கண்காட்சியில் ஒரு நடுவர் அவர் வேலையைப் பார்த்துவிட்டு, "ஆலைக்காரனே வந்து செஞ்சாப்ல இருக்கு" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தை அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகப் பயத்தைவிடப் பெருமை பெரிதாகத் தெரிந்தது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

"அது இருந்திருந்தா, தண்டு பிடிச்சாலும் இழுத்து மூடியிருக்கும்" என்றார் இப்போது.

"ஆனா அதையும் சூட்டுல வெச்சுப் பாத்திருப்பியே" என்று ஆரம்பித்த மார்வா பாதியில் நிறுத்தினாள். ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஓவனில் சர்ச் விற்பனைக்கான புளிப்பு செர்ரி கேக்குகள் வெந்துகொண்டிருந்தன. அவர் தட்டோடு வந்து நின்றார். அவள்தான் விரட்டினாள். போன வருஷம் கேக்கில் பெட்ரோல் வாசம் என்று பாதிரியார் மனைவியே முகம் சுளித்திருந்தாள். "ஒரு தடவை சுடவைக்காம விட்டா குடி முழுகிடுமா?" என்று கேட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மார்வா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணு. உடனே லெனோருக்குப் போன் பண்ணு."

அவரே அழைத்தார். பிறகு அதே கராஜில், மேஜைமேல் கிடந்த அழுக்குத் துணிக்கு அடியில், ஏதோ ஒரு சந்தோஷப் பாட்டு கேட்டது. வெண்டல் துணியை விலக்கினார். லெனோரின் போன். நேற்று கையெழுத்துப் போடும்போது வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரையில் "கார்பரேட்டர் வெண்டல்" என்று பெயர் மின்னியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆர்டித்திடம் போனே கிடையாது.

வேனைக் கிளப்பும்போது வெண்டலின் கை சாவித் துளையைத் தேடித் தடவியது. மார்வா போலீசை அழைத்தாள்.

"சிவப்பு பாண்டியாக், அறுபத்தாறு மாடல். மன்ரோ பக்கம் போய்க்கிட்டு இருக்கு. நிறுத்துங்க, தயவுசெஞ்சு."

"என்ன ஆச்சும்மா?"

"இன்னும் ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலைன்னா எதுக்கும்மா நிறுத்தணும்?"

அவள் கார்பரேட்டர், வளையம், ஓவன், கேக் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பார்க்கச் சொல்கிறேன் என்றார். அவர் எழுதிக்கொண்டாரா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

வெண்டல் பெடலை மிதித்தார். அந்த வேன் அவரிடம் வந்த நாளிலிருந்து அப்படி மிதி பட்டதில்லை; உள்ளே எதுவோ கடகடவென்று ஆடியது. முன்னால் போன ஒவ்வொரு சிவப்பு வண்டிக்கும் மார்வாவின் நெஞ்சு எகிறி விழுந்தது. ஒன்று தக்காளி லாரி. ஒன்று தபால்காரரின் ஜீப். ராக்வுட் ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் குறுக்கே நின்றது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. வெண்டல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"மெதுவாப் போற வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்று தனக்குத்தானே சொன்னார். "நடுவுல இருக்கறது மட்டும்தான் ஓடும். மிதிச்சாத்தான். மிதிக்காதே லெனோர். மிதிக்காதேம்மா."

மார்வா அவர் முதுகில் கை வைத்தாள். சட்டை நனைந்திருந்தது.

நியூபோர்ட்டைத் தாண்டியதும் அணுமின் நிலையத்தின் இரண்டு கோபுரங்கள் வயலுக்கு அப்பால் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சாலை நேரானது. வெண்டல் வேகத்தைக் குறைத்தார். குறைத்தார் என்பதைவிட அவர் கால் பெடலில் நிற்க மறுத்தது. அப்போதுதான் மார்வா பார்த்தாள்.

தார்ச்சாலையில் கறுப்பாக இரண்டு கோடுகள். நேராகப் போய், வளைந்து, ஓரத்துப் புல்லைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தன. தபால் பெட்டி ஒன்று கம்பத்தோடு முறிந்து கிடந்தது. ஓடைக் கரையில் சேறு உழுதுபோட்டதுபோல் கிடந்தது. வண்டி இல்லை.

வெண்டல் புல்லில் மண்டியிட்டார். கையால் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணாடித் துண்டு இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா. சேற்றில் சங்கிலி இழுத்த தடம் இருந்தது. இழுவை லாரி வந்து தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

"வண்டியைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க மார்வா. அவங்க ரெண்டு பேரையும் எதுல தூக்கிட்டுப் போனாங்க?"

மார்வா மன்ரோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள். இன்னொரு ஆஸ்பத்திரி, அங்கேயும் இல்லை. இல்லை என்ற சொல் ஆறுதலா, அதைவிட மோசமானதா என்று புரியாமல் இருவரும் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கண்காட்சி மைதானத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். லெனோருக்கு ஒதுக்கிய இடத்தில் டெல்பர்ட்டின் பெயர் எழுதிய அட்டை மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வழியில் அவள் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். பூட்டியிருந்தது.

திரும்பி வந்ததும் வெண்டல் கராஜுக்குள் போகவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்வா சூப்பைச் சூடாக்கி வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை. போனை மேஜை நடுவில் வைத்திருந்தார்கள்.

"கேக்குக்காக விரட்டினேனே" என்றாள் அவள், திடீரென்று.

"நீ விரட்டத்தான் செஞ்ச. நான் ஏன் போனேன்? மறுநாள் வெச்சுப் பாத்திருக்கலாமே. பூச்சு நல்லா வந்திருக்கு, அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன்."

அவர் அழுதார். கண்ணீர் மூக்கின் நுனிக்கு வந்து சொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படியில் தட்டித் தட்டி ஒரு கைத்தடி ஏறியது. வெண்டல் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். மார்வாதான் போய்க் கதவைத் திறந்தாள்.

ஆர்டித் நின்றிருந்தார். கோட்டில் சேறு காய்ந்திருந்தது. நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. வாசலில் நின்ற வாடகைக் காரின் பின்சீட்டில் லெனோர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"உசிரோட வந்திருக்கேன், நாற்காலி போடமாட்டீங்களா?" என்றார் ஆர்டித்.

மார்வா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விட மனமில்லை. வெண்டல் நாற்காலியை இழுத்தார். அது அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"அவ உள்ள வரமாட்டேங்கறா. இன்னும் பயம் தெளியல. ஒரு அடிகூடப் படல அவளுக்கு, போலீஸ் ஸ்டேஷன்ல உக்காத்தி வெச்சு நாலு டம்ளர் தண்ணி குடுத்தாங்க" என்றார் ஆர்டித். "யாரோ ஒரு பொம்பளை காலையில போன் பண்ணி கேக், ஓவன்னு உளறினாளாம். நீதானா மார்வா?"

"நான்தான்."

"எங்களை ஓடையில பாத்ததும்தான் அவங்களுக்கு அது விளங்கிச்சாம்."

வெண்டல் பேச முயன்றார். "ஆர்டித், நான்..."

"இரு. நான் சொல்லி முடிச்சுடறேன், இல்லைன்னா எனக்கும் அழுகை வந்துடும். நேர் ரோட்டுல மிதிச்சா. மூணும் திறந்துச்சு. அடடா, அந்தச் சத்தம் வெண்டல். டெல்பர்ட் வந்து உக்காந்துட்டான்னே நினைச்சேன். போதும்டின்னு சொன்னேன். காலை எடுத்துட்டேன்னு சொன்னா. ஆனா சத்தம் இறங்கல. கால் எடுத்தா அது இறங்கணும், பெருமூச்சு விடறாப்ல. எனக்குத் தெரியாதா? இறங்காம ஏறிக்கிட்டே போகுது. அவ பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அலறுறா. எனக்கு உன் பாடம்தான் ஞாபகம் வந்துச்சு. கையை நீட்டித் தடவினேன். முதல்ல சிகரெட் லைட்டரைத்தான் பிடிச்சுத் திருகினேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நடுங்கி நின்றது. மேஜைமேல் இருந்த கையை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டார்.

"அப்புறம் சாவி கிடைச்சுது."

வெண்டல் கராஜுக்குப் போனார். ஆணியில் இருந்ததை எடுத்துவந்து ஆர்டித்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை நான்தான் கழற்றினேன். சூட்டுல பாக்காம குடுத்ததும் நான்தான். லெனோர்மேல தப்பு இல்ல."

ஆர்டித் ஸ்பிரிங்கை விரலால் உருட்டிப் பார்த்தார். கொக்கியைத் தடவினார்.

"இது ஏன் போட்டான்னு தெரியுமா? எனக்குக் கண்ணு இருந்தப்ப இந்த வண்டியில ஓட்டக் கத்துக்குடுத்தான். எனக்குக் கால் கனம். அக்கா மிதிச்சா வண்டி நிக்காதுன்னு, அன்னிக்குச் சாயங்காலமே இதை மாட்டினான். மார்க் போகும்னு அவனுக்கும் தெரியும்."

வெண்டல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இனிமே இந்த வேலை வேணாம் ஆர்டித். நாளைக்கு எல்லாத்தையும் அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடறேன். என்னால முடியாது."

"யாருக்கு வேணும்னாலும் திருப்பிக் குடு. எங்க வண்டியை நீதான் சரி பண்ணணும். கையில ஒரு தடவை பயம் ஏறினவன்கிட்டதான் நான் குடுப்பேன். இழுவை லாரிக்காரன் திங்கக்கிழமை இங்க கொண்டாந்து இறக்குவான். மோதினது தபால் பெட்டிமேலதான், முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்காம். ரெண்டு ஸ்பிரிங்கும் இருக்கணும். மார்க் போகட்டும்." ஆர்டித் எழுந்தார். "இன்னொண்ணு. முடிச்சதும் முதல்ல நீ ஓட்டற. அதே ரோட்டுல. நான் பக்கத்துல உக்காருவேன்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன? ஸ்டேஷன்ல ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்."

ஸ்பிரிங்கை ஆர்டித் எடுத்துக்கொள்ளவில்லை. வெண்டலின் கையைத் தேடிப் பிடித்து, அதில் திரும்ப வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு மார்வாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கைத்தடி படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. காரின் பின்கதவு திறந்தது. உள்ளே லெனோர் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை மார்வா வாசலிலேயே நின்றாள். வெண்டல் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது. மடங்கிய அவர் கைக்குள் அந்த ஸ்பிரிங் அப்படியே இருந்தது.

அவள் கதவைச் சாத்தினாள்.